இட்லிப்பூவா காகிதப்பூவா? ஒரே வாசல்ல ரெண்டையும் வச்சு ரெண்டும் சரியா வரல

பாமணிக்கரை

வணக்கங்க. மன்னார்குடிக்குப் பக்கத்துல கிராமம். போன ஆடிப்பெருக்கு முடிஞ்ச கையோட வாசல் கேட்டுக்கு இடது பக்கம் செவப்பு இட்லிப்பூ மூணு கன்னும் வலது பக்கம் ரோஸ் கலர் காகிதப்பூ ஒண்ணும் வச்சேன். இட்லிப்பூ அம்மாவுக்காக, அவங்க விருட்சின்னுதான் சொல்லுவாங்க, வெள்ளிக்கிழமை மாரியம்மனுக்கு நம்ம வீட்டுச் செடியிலேருந்து ஒரு கொத்தாவது பறிச்சு வைக்கணும்னு ரொம்ப வருஷமா கேட்டுட்டு இருந்தாங்க. காகிதப்பூ வீட்டுக்காரங்க ஆசை, மதில் மேல வளைஞ்சு தொங்கணும்னு.

இப்ப ஏழு மாசம் ஆச்சு. இட்லிப்பூ செடி ஒரு முழம் கூட வளரல, வர்ற துளிரே மஞ்சளா வருது, நரம்பு மட்டும் பச்சையா கோடு போட்ட மாதிரி தெரியுது, நடுவுல உள்ள கன்னுல நுனி இலை வெளுத்துப்போய் ஓரம் காய ஆரம்பிச்சிருக்கு. காகிதப்பூ அதுக்கு நேர்மாறா மதிலத் தாண்டி ரோட்டுப் பக்கம் போயிடுச்சு, விரல் தண்டிக்கு முள்ளு வச்ச கிளையெல்லாம் விடுது, ஆனா இதுவரைக்கும் ஒரு பூ கிடையாது.

தினமும் சாயங்காலம் ரெண்டு பக்கமும் ஒரே ஹோஸ்ல போர் தண்ணிதான் விடுறேன். மாசம் ஒரு தடவ மாட்டுச்சாணம் கரைச்சு கடலைப் பிண்ணாக்கு ஊறப்போட்ட தண்ணியோட ஊத்துறேன். களிமண்ணு. நர்சரில ரெண்டுக்கும் ஒரே பராமரிப்புதான்னு சொல்லித்தான் குடுத்தாங்க. நம்ம பக்கத்து மண்ணுக்கு இதுல எதுங்க ஏத்தது, ஒண்ண எடுத்துட்டு இன்னொண்ண மட்டும் வச்சுக்கலாமா? அம்மா தினம் காலையில போய் அந்த மஞ்ச இலையத் தடவிப் பாத்துட்டு வர்றாங்க, பாக்கவே கஷ்டமா இருக்கு.

திருத்துறைப்பூண்டி வயக்காடு

இட்லிப்பூவுக்கு இரும்புச் சத்து இல்லன்னா இப்படித்தான் ஆகும். பழைய துருப்பிடிச்ச ஆணி ஒரு கைப்பிடி வேர்ல பொதைங்க, வாரம் ஒரு தடவ புளிச்ச மோர் ஊத்துங்க. எங்க பாட்டி அப்படித்தான் செய்வாங்க.

வல்லம் செம்மண்

பாமணிக்கரை தம்பி, பதில் சொல்றதுக்கு முன்னாடி அஞ்சு விஷயம் கேக்கணும். அந்த மதில் எப்ப கட்டினது? கன்னு மதில்லேருந்து எவ்வளவு தள்ளி இருக்கு? பொங்கலுக்கு வெள்ளையடிச்சீங்களா, அடிச்சிருந்தா சுண்ணாம்பா டிஸ்டம்பரா? வெந்நீர் போடுற பாத்திரத்துல அடியில வெள்ளையா பொறை கட்டுதா? அப்புறம் வெயில், காலையில எத்தன மணிலேருந்து எத்தன மணி வரைக்கும் படுது?

ஆணி பத்தி சொன்னவருக்கு, அண்ணே தப்பா எடுத்துக்காதீங்க, நோய் நீங்க சொன்னதேதான், இரும்புப் பற்றாக்குறைதான். ஆனா நம்ம மண்ணுல இரும்பு இல்லாம இல்ல, நெறையவே இருக்கு. மண்ணு காரத்தன்மையா இருக்கும்போது அந்த இரும்பு தண்ணில கரையாத உருவத்துக்குப் போயிடும், வேரால இழுக்க முடியாது. துருவும் அதே கரையாத உருவம்தான், ஒரு கிலோ ஆணி பொதைச்சாலும் பூட்டின பொட்டிக்குள்ள இன்னும் கொஞ்சம் நகை போட்ட கதைதான். மோர் புளிப்பு ரெண்டு நாள்ல போயிடும், மறுபடி போர் தண்ணி விட்டா பழைய நிலைமைதான்.

பாமணிக்கரை

அண்ணே, மதில் கட்டி ஒன்றரை வருஷம் ஆகுது. கன்னு மதில ஒட்டி முக்கால் அடில இருக்கு. பொங்கலுக்கு சுண்ணாம்புதான் அடிச்சோம், அடிச்சு முடிச்சு மிச்சம் இருந்த வாளியக் கூட அங்கயேதான் கழுவி ஊத்தினேன். பொறை நல்லாவே கட்டும், மாசம் ஒரு தடவ அம்மா புளி போட்டுத் தேய்ப்பாங்க. வெயில் இட்லிப்பூ பக்கம் ஏழு மணிலேருந்து பன்னெண்டு வரைக்கும், காகிதப்பூ பக்கம் சாயங்காலம் வரைக்கும் உண்டு.

வல்லம் செம்மண்

சரி, பாதி விஷயம் வெளங்கிடுச்சு. நான் நர்சரி வேலையிலயே பதினெட்டு வருஷம் இருந்தவன், இந்த ரெண்டு செடியையும் ஒரே பாத்தில வச்சு ஒரே மாதிரி பாத்துக்கிட்ட வாசல் எத்தனையோ பாத்திருக்கேன், எல்லாத்துலயும் உங்க கதைதான். ரெண்டும் கேக்குறது நேர் எதிர்.

இட்லிப்பூ நம்ம ஊரு செடி. தென்னிந்தியாவும் இலங்கையும்தான் அதோட சொந்த இடம், வெட்சின்னு சங்கப் பாட்டுலயே வருமே, ஆநிரை கவரப் போற வீரர்கள் சூடிட்டுப் போன பூ, அதேதான். நம்ம ஊரு செடியா இருந்தும் ஏன் நம்ம வீட்ல வரலங்கறீங்களா, அது தன்னால வளர்ற இடம் செம்மண், சரளை, இலை மக்கிக் கெடக்குற சரிவு. அங்க மண்ணு லேசாப் புளிப்புத் தன்மை, பிஎச், அதான் புளிப்பு காரம் காட்டற அளவு, ஏழுக்குக் கீழன்னா புளிப்பு, மேலன்னா காரம், அது ஆறுக்குப் பக்கத்துல இருக்கும். மழை பெய்யும், ஈரம் இருக்கும், ஆனா தண்ணி தேங்காது. டெல்டா களிமண்ணும் போர் தண்ணியும் ஏழரை, எட்டுன்னு நிக்கும். நெல்லு இதத் தாங்கிக்கும், இட்லிப்பூ தாங்காது. இதோட நீங்க சிமெண்ட் மதில ஒட்டி வச்சிருக்கீங்க, மதில் கட்டும்போது விழுந்த கலவை, பூச்சு, எல்லாம் அந்த அஸ்திவார ஓரத்துல மண்ணுக்குள்ளதான் கெடக்கும். அதுக்கு மேல சுண்ணாம்பு வாளி.

ஒரு சின்ன சோதனை பண்ணுங்க. கன்னுக்கும் மதிலுக்கும் நடுவுல ஒரு சாண் ஆழம் தோண்டி ஒரு கைப்பிடி மண்ண எடுத்து நெழல்ல காய வச்சு, அதுமேல கடையில விக்கிற வினிகர் கொஞ்சம் விடுங்க. சுர்ருன்னு நுரைச்சா உள்ள சுண்ணாம்பு இருக்குன்னு அர்த்தம். அந்த மாதிரி மண்ணுல கந்தகத்தூள் போட்டு பிஎச்ச இறக்கலாம்னு சிலபேரு சொல்லுவாங்க, சுண்ணாம்பு தீர்ற வரைக்கும் கந்தகம் ஒண்ணும் செய்யாது, வீணாத்தான் போகும். செடிய எடுத்து வேற இடத்துல வைக்கிறதுதான் வழி.

மதில்லேருந்து மூணு அடியாவது தள்ளி, ரெண்டுக்கு ரெண்டு அடி குழி. உள்ள இருக்கற களிமண்ண மொத்தமா வெளிய எடுத்துடுங்க. வல்லம் பக்கத்துலயோ பட்டுக்கோட்டை பக்கத்துலயோ நல்ல செம்மண்ணா கெடைக்கும், அதுல ரெண்டு பங்கு, மக்கின தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு, மக்கின இலைக்குப்பையோ மண்புழு உரமோ ஒரு பங்கு. களிமண்ணுலயே கொஞ்சம் மணல் கலந்து சமாளிச்சுடலாம்னு மட்டும் நெனைக்காதீங்க, காஞ்சதும் செங்கல் மாதிரி இறுகிடும். தரை மட்டத்துலேருந்து அரை அடி மேடாவே நடுங்க, ஐப்பசி கார்த்திகை அடமழையில வேர் மூச்சு விடணும். மேல வைக்கோல் மூடாக்கு. இப்ப மாசி, பங்குனி வெயில் வர்றதுக்குள்ள மாத்திடுங்க, சாயங்கால நேரத்துல வேர் மண்ணு உதிராம எடுத்து வச்சு ஒரு வாரம் பழைய வேட்டியால நெழல் கட்டி விடுங்க.

உடனடி வைத்தியம் அன்னபேதி, அதான் இரும்பு சல்பேட் உப்பு. நாட்டு மருந்துக் கடையிலயும் கெடைக்கும், உரக்கடையிலயும் கெடைக்கும். பச்சை கலந்த வெள்ளையா இருக்கணும், பழுப்பாயிருந்தா பழசு, வாங்காதீங்க. ஒரு லிட்டர் தண்ணில முதல்ல எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) ஒரு கிராம் கரைச்சுட்டு அப்புறம் அன்னபேதி அஞ்சு கிராம். கரைச்ச அன்னைக்கே வெயில் சாஞ்ச பிறகு இலையோட ரெண்டு பக்கமும் நனையறமாதிரி தெளிங்க, பத்து நாளைக்கு ஒரு தடவ மூணு தடவ போதும். மதில்ல, டைல்ஸ்ல பட்டா துருக்கறை போகவே போகாது, சாக்கு போட்டு மூடிட்டு அடிங்க. வேர் வழியா குடுக்கணும்னா செலேட்டட் அயர்ன், அதாவது கரையாத உருவத்துக்குப் போயிடாம கட்டி வச்ச இரும்பு, வாங்கும்போது பாக்கெட்ல இ.டி.டி.எச்.ஏ.ன்னு இருக்கான்னு பாருங்க. வெலை அதிகம், ஆனா கார மண்ணுல அதுதான் நிக்கும், வெலை கொறைஞ்ச இ.டி.டி.ஏ. வகை நம்ம மண்ணுல சீக்கிரம் பிரிஞ்சுபோயிடும். ஏற்கனவே மஞ்சளான இலை முழுசாப் பச்சையாகணும்னு காத்திருக்காதீங்க, புதுத் துளிரத்தான் பாக்கணும்.

அப்புறம் காகிதப்பூ. நீங்க குடுத்த சாப்பாடு அதுக்கு ரொம்ப ஜாஸ்தி. சாணமும் கடலைப் பிண்ணாக்கும் தழைச்சத்து, தினம் தண்ணி, கேக்கணுமா, இலையும் முள்ளுமாத்தான் போகும். அது தென் அமெரிக்காவுலேருந்து வந்த செடி, 1760-கள்ல உலகம் சுத்தக் கெளம்பின பிரெஞ்சுக் கப்பல்ல வந்த தாவரவியல்காரர் பிரேசில்ல பாத்து எடுத்தது, கப்பல் தலைவர் பூகென்வில் பேர வச்சதாலதான் போகன்வில்லா. மழைக்காலத்துல தழைச்சு, மழை நின்னு காய்ஞ்சதும் பூக்கிறதுதான் அதோட வழக்கம். நம்ம ஊர்ல மார்கழி கடைசியோட மழை விட்டுடும், பகல் பொழுதும் சின்னதா இருக்கும், அதனால தையிலேருந்து சித்திரை வரைக்கும்தான் அதுக்கு நல்ல காலம். நீங்க அந்த நேரத்துலயும் தண்ணி விட்டுக் காயவே விடல.

அத எடுத்து மாத்தாதீங்க. அதோட வேர் நூல் மாதிரி, தொட்டா அறுந்துடும், வளர்ந்த செடிய மாத்தினா பாதி செத்துப்போகும். ரோட்டுக்குப் போன கிளைய மூணுல ரெண்டு பங்கு கவாத்து பண்ணுங்க, கையில கெட்டித் துணி சுத்திக்கிட்டு, அந்த முள்ளு குத்தினா நாலு நாள் வீங்கும். பிண்ணாக்கு, சாணம் நிறுத்துங்க. ஹோஸ அந்தப் பக்கமே கொண்டுபோகாதீங்க, இட்லிப்பூவுக்கு விடுற தண்ணி வழிஞ்சு அங்க போனாலும் சின்னதா ஒரு வரப்பு கட்டித் தடுத்துடுங்க. காலையிலயே இலை லேசாத் துவண்டு நிக்கறதப் பாத்தா மட்டும் ஒரு தடவ நல்லா ஊத்திட்டு மறுபடி காயப் போடுங்க. தரையில இருக்கற செடி களிமண்ணுல அவ்வளவு சீக்கிரம் துவளாது, மூணு நாலு வாரம் கூட ஆகும், பயப்படாதீங்க.

எது ஏத்ததுன்னு கேட்டீங்க. வெறும் மண்ணையும் தண்ணியையும் மட்டும் பாத்தா காகிதப்பூதான், தண்ணி தேங்காம இருந்தாப் போதும். ஆனா அம்மாவுக்கு வேண்டியது இட்லிப்பூ, அதனால அதுக்குத்தான் நீங்க மெனக்கெடணும்.

வேதாரண்யம் உப்புக்காத்து

வல்லம் அண்ணன் சொன்னதுல எங்க பக்கத்து அனுபவம் ஒண்ணு சேத்துக்கறேன். எங்க வீடு கடல்லேருந்து ஒன்றரை கிலோமீட்டர். இட்லிப்பூ நாலு தடவ வச்சுப் பாத்தேன், கச்சான்ங்கற மேல்காத்து நின்னு கொண்டல்ங்கற கடல் பக்கத்துக் கீழ்க்காத்து வீச ஆரம்பிச்சதும் இலை நுனி கருகும், தண்ணியும் உவர்ப்பு, நாலும் போச்சு. காகிதப்பூ மட்டும் அசைய மாட்டேங்குது. 2018 நவம்பர் 15 ராத்திரி, 16 விடியறதுக்குள்ள கஜா புயல் கரையேறினப்ப எங்க தென்னை பதினொண்ணும் விழுந்துச்சு, காகிதப்பூ படர்ந்திருந்த பந்தலும் சாஞ்சு செடி தரையோட தரையா நசுங்கிக் கெடந்துச்சு. யாரும் அதக் கவனிக்கல, அப்ப அதுக்கா நேரம். தை பொறந்து ஒரு நாள் காலையில பாக்கறேன், முழங்கால் உசர கட்டையில வெறும் முள்ளுக்கு நடுவுல செவப்புத் துளிர். பங்குனில ஒரு கிளை பூத்துச்சு. தென்னை இல்லாத அந்த மொட்டை வாசல்ல அது ஒண்ணுதான் கலரா நின்னுச்சு, எங்க வீட்டு ஆளுங்க அப்ப அத வெட்டவே விடல, இப்பவும் விடமாட்டாங்க.

ஒரு எச்சரிக்கை, அடர்த்தியா விட்டா அடியில சருகு சேந்து பூச்சிபொட்டு அண்டும். வாசல்ல இருக்கறதால அடிப்பக்கம் ரெண்டு அடிக்கு கிளை இல்லாம சுத்தமா வச்சுக்கங்க. பிள்ளைங்க ஓடற இடத்துல முள்ளுக் கிளை கை எட்டற உசரத்துல இருக்கக்கூடாது.

குடந்தை மாடித்தோட்டம்

தம்பி, நான் கும்பகோணம், மொட்டமாடில இட்லிப்பூ ஆறு தொட்டி பதினோரு வருஷமா வச்சிருக்கேன். வல்லத்துக்காரர் மண்ணு சொல்லிட்டாரு, நான் தண்ணி சொல்றேன், ஏன்னா செம்மண்ணே போட்டாலும் போர் தண்ணியே விட்டுக்கிட்டிருந்தா ரெண்டு வருஷத்துல அந்த மண்ணும் போர் தண்ணி மாதிரியே ஆயிடும்.

முதல்ல, ஆர்ஓ மெஷின் கழிவுத் தண்ணிய வீணாக்க வேணாம்னு செடிக்கு விடறவங்க நெறைய பேரு, நீங்களும் விட்டா இன்னைக்கே நிறுத்திடுங்க. உப்பு எல்லாம் ஒண்ணா சேந்து வர்ற தண்ணி அது, இட்லிப்பூவுக்கு விஷம். ஏசி இருந்தா அதுலேருந்து சொட்டற தண்ணிய வாளில பிடிங்க, அதுல உப்பே இருக்காது. ஐப்பசி மழையில ஓட்டுத் தண்ணிய டிரம்ல பிடிச்சு மூடி வச்சுக்கங்க, மூணு கன்னுக்கு ஒரு இருநூறு லிட்டர் டிரம்மே கொஞ்ச நாளைக்கு ஓடும், கொசு போகாம வலைத்துணி கட்டுங்க. ஆத்துல தண்ணி வர்ற மாசங்கள்ல ரெண்டு குடம் வாய்க்கால் தண்ணி கொண்டாந்து ஊத்தினாலும் செடி மொகமே மாறும், மேட்டூர் ஜூன் 12 தெறந்தா எங்க வீட்ல முதல் வேலை அதுதான்.

பூச்சி விஷயம் யாரும் சொல்லல. இட்லிப்பூ தண்டுல எறும்பு வரிசையா ஏறினா அது பூவுக்காக ஏறலன்னு தெரிஞ்சுக்கங்க, இலைக்கு அடியில மாவுப்பூச்சியோ செதில் பூச்சியோ இருக்கும், அது விடற இனிப்புத் தண்ணிக்குத்தான் எறும்பு வருது, அதுமேலதான் கரி பூசின மாதிரி கருப்பு படியும். வேப்பெண்ணெய் அஞ்சு மில்லி, கூட கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், ஒரு லிட்டர் தண்ணி, வாரம் ஒரு தடவ. அன்னபேதி அடிக்கிற அன்னைக்கு இத அடிக்காதீங்க, நாலு நாள் எடைவெளி விடுங்க.

கவாத்து காகிதப்பூ மாதிரி முரட்டுத்தனமா வேணாம். கிளை நுனிலதான் இதுக்குக் கொத்து வரும், பூத்து முடிஞ்ச கொத்த ரெண்டு கணு கீழ கிள்ளிவிட்டாப் போதும், அங்கேருந்து ரெண்டு கிளை வரும், ரெண்டுலயும் கொத்து வரும். கத்தரிச்சுக்கிட்டே இருந்தா மொட்டையே வெட்டிப்போட்டுட்டு பூக்கலன்னு சொல்லுவோம்.

அம்மாகிட்ட சொல்லுங்க, செடி சாகல, பசியில இருக்கு, அவ்வளவுதான்.

திருத்துறைப்பூண்டி வயக்காடு

ஆணி விஷயம் இன்னைக்குத்தான் புரிஞ்சுது அண்ணே. எங்க பாட்டி வீட்ல மண்சுவரு, கொல்லையில குப்பைமேட்டுக்குப் பக்கத்துல செடி, ஆத்துத் தண்ணி. அதனாலதான் பூத்திருக்கும் போல, நாங்க ஆணியாலன்னு நெனச்சுட்டோம்.

பாமணிக்கரை

அஞ்சு வாரம் கழிச்சு வர்றேன், எல்லாருக்கும் சொல்லணும்னு.

வல்லம் அண்ணன் சொன்ன மறுநாளே தோண்டினேன். ஒரு சாண் கூட இல்ல, மம்பட்டி ணங்குன்னு சத்தம், பாத்தா கையளவு சிமெண்ட் கலவைக் கட்டி, அதுக்குக் கீழ பூச்சு உதிர்ந்த பாளம், நடுக் கன்னோட வேர் அந்தப் பாளத்தச் சுத்தி வளைஞ்சு போயிருந்துச்சு. மண்ணுல வினிகர் விட்டதும் சோடா மாதிரி பொங்குச்சு, அம்மா பக்கத்துல உக்காந்து பாத்துட்டு இதுலயாடா என் செடிய வச்சேன்னு கேட்டாங்க, எனக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சு.

பட்டுக்கோட்டை ரோட்லேருந்து செம்மண்ணு பதினஞ்சு மூட்டை வந்துச்சு. மதில்லேருந்து நாலு அடி தள்ளி மேடு போட்டு மூணு கன்னையும் மாத்தினேன், அன்னபேதி மூணு தடவ அடிச்சாச்சு. ஏசி தண்ணி ராத்திரிக்கு ஒரு வாளி கெடைக்குது, அது முழுக்க அதுக்குத்தான். ஒரு கன்னு பொழைக்கல, நுனி காஞ்சுட்டு இருந்துச்சே அதுதான். மத்த ரெண்டுலயும் முதல்ல வந்த துளிரு அரை மஞ்சள், அடுத்து வந்தது கரும்பச்சை, பளபளன்னு எண்ணெய் தடவின மாதிரி இருக்கு. ஒண்ணுல நுனில கடுகு மாதிரி செவப்பா மொட்டுக் கூட்டம் வச்சிருக்கு.

காகிதப்பூ கவாத்து பண்ணி தண்ணிய நிறுத்தினேன், வீட்டுக்காரங்க பாவம்னு ரெண்டு தடவ சொம்ப எடுத்துக்கிட்டு வந்தாங்க, தடுத்துட்டேன். இருபத்தி மூணாவது நாள் காலையில இலை துவண்டுச்சு, ஒரு தடவ ஊத்தினேன். இப்ப புதுக் கிளை எல்லாத்துலயும் கணுவுக்குக் கணு ரோஸ் கலர் வந்துட்டு இருக்கு. கிட்டப் பாத்தா அந்த ரோஸ் இதழு மூணும் இலை மாதிரியே நரம்போட இருக்கு, நடுவுல தீக்குச்சி தண்டிக்கு மூணு குழல், அதோட நுனில குட்டியா வெள்ளைப் பூ, அதுதான் நெசப் பூன்னு என் பொண்ணு ஸ்கூல் புக்கப் பாத்து சொல்றா.

இப்ப ஒரு சந்தேகம். மாத்தி வச்சு அஞ்சு வாரம்தானே ஆகுது, இட்லிப்பூவோட அந்த முதல் கொத்தக் கிள்ளிட்டா செடிக்கு பலம் சேரும்னு ஒருத்தர் சொன்னாரு. செய்யவா?

குடந்தை மாடித்தோட்டம்

சின்னக் கன்னா இருந்தா கிள்ளச் சொல்லுவேன். ரெண்டு செடில ஒண்ணுலதானே மொட்டு வச்சிருக்கு, அத விட்டுடுங்க தம்பி. அம்மா கையால பறிக்கட்டும், பறிக்கும்போது ரெண்டு கணு சேத்துப் பறிக்கச் சொல்லுங்க, கவாத்தும் ஆயிடும். இன்னொண்ணுல மொட்டு வந்தா அத மட்டும் இந்த ஒரு தடவ கிள்ளிடுங்க.

வல்லம் செம்மண்

அக்கா சொன்னதுதான் சரி. காகிதப்பூ கலர் வந்த பிறகு தண்ணிய மொத்தமா நிறுத்திடாதீங்க தம்பி, இதழ் சீக்கிரம் உதிர்ந்துடும், பத்து நாளைக்கு ஒரு தடவ ஊத்துங்க. அந்த செத்த கன்னு எடத்துக்கு இப்ப எதுவும் வைக்காதீங்க, ஆடில பாத்துக்கலாம். இருக்கறதுல ஒரு கிளைய அப்ப பதியம் போட்டா நர்சரிக்கே போக வேணாம்.